கோழி நித்திரைக்கு எதிர்ச்சொல்

இங்கிலீசில் நான் முதன்முதல் பிடித்துக்கொண்ட சொல் 'டோஸ்'. தோட்டவெளியில் இருந்து சைக்கிளில் போய், மன்னாரில் கன்னியாஸ்திரிமார் மடம் ஒன்றின் குசினியில் சமையலுக்கு நின்ற காலம் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, இராவுக்கு வெங்காயம் உரித்தபடி சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்த வயதான சிஸ்டர் பக்கத்தில் நின்றவரிடம், "ஷி இஸ் டோஸிங்" என்றார். திடுக்கிட்டு எழும்பி, "இல்லை சிஸ்டர், நான் நித்திரை கொள்ளேல்லை" என்றேன். "அப்ப வெங்காயம்தான் கொண்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மானம் போனாலும் சொல் மிஞ்சியது.

பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஆட்களின் வாயிலிருந்துதான். யார் என்ன சொன்னாலும், அதில் ஒரு ருசி இருந்தால், பழைய கலண்டர்த் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வேன். இங்கிலீசு எழுத ஒரு முறை சொல்லித் தந்தவர் அந்த வெங்காய சிஸ்டர்தான். "சொல்லைத் தனிய எழுதாதை மகள். அதின்ர சொந்தக்காரரை ஒரு பக்கம் இருத்து, எதிராளியை மற்றப் பக்கம் இருத்து. அப்பதான் அது ஆரெண்டு தெரியும்" என்றார்.

அப்படித்தான் 'டோஸ்'க்குப் பக்கத்தில் 'நாப்' வந்தது, 'ஸ்னூஸ்' வந்தது, 'ட்ரௌஸி' வந்தது. நாப் என்றால் நாமாக நினைத்துப் போய்ப் படுப்பது. டோஸ் நம்மைக் கேட்காமல் வருவது. ஸ்னூஸ் பஞ்சிப்பட்ட சோம்பேறிகளுடையது. ட்ரௌஸி இன்னும் நித்திரையே இல்லை, இமையில் மணல் ஏறின மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடமும் இதற்கெல்லாம் சொல் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோசம். கோழி நித்திரை இருக்கிறது. கண் சொருகுது என்கிறோம். கோவிலில் பிரசங்கம் நீண்டால் கிழவர்கள் தூங்கி விழுகிறார்கள். என் ஐயா, வலையை இறக்கிவிட்டு அதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தோணியில் சாய்கிற நித்திரைக்குக் 'கயித்து நித்திரை' என்று தானே ஒரு பெயர் வைத்திருந்தார். அதையும் எழுதினேன்.

எதிராளி எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. கோழி நித்திரைக்கு எதிர் என்ன? நான் 'அவேக்' என்று எழுதினேன், முழிப்பு. சிஸ்டர் சரி என்றார். சூப்புக்கு உப்புப் பார்க்க வந்த இன்னொரு சிஸ்டர், "பிழை, மெல்லிய நித்திரைக்கு எதிர் ஆழ்ந்த நித்திரை" என்று 'சவுண்ட் அஸ்லீப்'பைச் சொன்னார். இரண்டு பேரும் சூப்பு ஆறும்வரை வாதாடினார்கள். நான் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டையும் எழுதி வைத்தேன். மன்னார்ப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் தெரியுமே, அப்படிக் கோழி நித்திரை நடுவில் கிடந்தது. நடுவில் கிடக்கிற ஒருவன் எந்தப் பக்கம் சரிகிறான் என்று வெளியில் நிற்கிறவருக்குத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐயா கடலுக்குப் போக ஏலாமல் விழுந்த பிறகு, மடத்து வேலையை விட்டுவிட்டுக் கருவாட்டைத் தூக்கினேன். மாசி மாதம் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் நெல் வெட்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் கருவாட்டுக் கடகத்தோடு பஸ் ஏறி அடம்பனுக்குப் போய், அங்கிருந்து வயல் ஊர்களுக்கு நடப்போம். கருவாட்டைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். அடம்பனுக்கு உள்ளே ஒரு ஊரில், வேலியோரம் பெரிய மாமரம் நின்ற வளவு ஒன்றில் எனக்குத் தங்க இடம் கிடைத்தது. சைவ ஆட்கள். செவ்வாய் வெள்ளியில் கருவாட்டுக் கடகம் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடும், நான் விறாந்தையில் படுப்பேன்.

அந்த வீட்டுக்காரரை அண்ணை என்று கூப்பிடுவேன். ஆள் பெரிய உருப்படி. சிரித்தால் கொட்டிலில் மாடு திரும்பிப் பார்க்கும். அவர் மனுசி, அக்கா, கையளவு ஆள், நாக்கு மட்டும் முழ நீளம். அண்ணையின் தம்பி பக்கத்து வளவில் தனியே இருந்தார். கலியாணம் கட்டாதவர், பேச்சுக் குறைவு. ஆனால் ஊரில் எங்கே செத்தவீடு நடந்தாலும் முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். பந்தல் போட, பாடை கட்ட, விறகு தறிக்க, ஆருக்கு முதலில் சொல்வது, ஆருக்குப் பிறகு சொல்வது என்று எல்லாம் அவருக்குப் பாடம். "தம்பி வந்திட்டான் எண்டால் இனி அழலாம்" என்று ஊரில் சொல்வார்களாம். அந்தப் பேச்சை நான் ஆசையோடு எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாவது வருசம் அது. சூடு அடித்து முடித்த நெல்லுக்குக் காவலாக அண்ணை களத்தில் படுத்துவிட்டு, விடிந்து வெயில் ஏறின பிறகு பாயைச் சுருட்டிக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வந்தவர் பாயை விறாந்தைத் தூணில் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

"வயித்துக்குள்ள ஆரோ துணி பிழியிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

அக்கா குசினிக்குள் இருந்து குரல் விட்டாள். "பிழியாமல்? களத்துப் பொங்கலில பானையோட பாதியை விழுங்கினது ஆர்? பானைதான் உள்ள கிடந்து உருளுது!"

நான் சிரித்தேன். அண்ணையும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தார். இரண்டாம் மிடறு கடைவாயால் வழிந்து உடுத்தியிருந்த சாரத்தில் ஊற்றியது. இமை பாதிக்கு இறங்கியிருந்தது.

"பாருங்கோ அக்கா, அண்ணை நித்திரையிலயே தேத்தண்ணி குடிக்கிறார்" என்றேன்.

"மூண்டு நாளாக் கண் மூடேல்லை. அதுதான்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதுக்கு இங்கிலீசில ஒரு வடிவான சொல் இருக்கு அக்கா. ட்ரௌஸி. நித்திரை வாசலில வந்து நிண்டு கதவைத் தட்டுறது. இதுக்கு மருந்து நாப். ஒரு கொஞ்ச நேரம் படுத்து எழும்பினால் எல்லாம் சரியாப் போடும்."

அண்ணை ஏதோ சொன்னார். நாக்கு தடித்தவர் மாதிரிச் சொல் குழைந்தது. "எனக்கு நித்திரை வரேல்லை. கண்தான்..." என்பது மட்டும் விளங்கியது.

"நித்திரை வராதவற்ற கண்ணைப் பாருங்கோவன்!" என்று அக்கா அவரைத் தோளில் பிடித்துச் சாய்த்தாள். நானே என் பாயை விரித்து, என் தலையணையைக் கொடுத்தேன். அந்தத் தலையணையை அவர் தலைக்குக் கீழே வைத்த என் கையை, இத்தனை வருசத்துக்குப் பிறகும் சிலவேளை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் படுத்தார். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல், அவர் நித்திரை குழம்பிவிடக் கூடாது என்று கருவாட்டைத் தரம் பிரித்தோம். பாரை ஒரு பக்கம், கட்டா ஒரு பக்கம். கோழி ஒன்று விறாந்தையில் ஏற, அக்கா அதைக் கைவீசித் துரத்தினாள். இப்படி ஒரு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். வெயில் நல்லாய் ஏறியதும், களத்தில் பனி குடித்த பாயைக் காயவைப்போம் என்று அக்கா தூணில் கிடந்த பாயை முற்றத்துக்குக் கொண்டுபோய் உதறி விரித்தாள்.

சுருளின் கடைசி மடிப்புக்குள் அது கிடந்தது. சுண்டுவிரல் தடிப்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். வெயில் பட்டும் ஓடவில்லை. சுருண்டு, தலையைத் தன் உடம்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டது.

அக்கா கத்தவில்லை. "தம்பி" என்று மட்டும் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார் தம்பிக்காரர். தடியால் ஒரே அடி. பிறகு அண்ணையைப் புரட்டிப் பார்த்தோம். வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. முழங்கைக்கு மேலே நுளம்பு குத்தினது போல இரண்டு புள்ளி. அவ்வளவுதான்.

"பூச்சி தட்டியிருக்கு. நித்திரை கொள்ள விடாதேங்கோ!" என்று தம்பி போட்ட சத்தத்தில் பக்கத்து வளவெல்லாம் வந்துவிட்டது.

அந்த ஊரில் அதுதான் முறை. பாம்பு கடித்தவன் நித்திரை கொண்டால் விஷம் தலைக்கு ஏறிவிடும், முழித்திருக்கும்வரைதான் அவன் எங்கள் ஆள். கடிபட்டவனை ஊர் கூடி முழிப்பாக வைத்திருக்கும். இரண்டு பேர் அண்ணையின் கமுக்கட்டில் கைகொடுத்துத் தூக்கி முற்றத்தில் நடத்தினார்கள். கால் இழுபட்டது. ஒருவர் கன்னத்தில் அறைந்தார். ஒருவர் வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். மிளகைக் கடிக்கக் கொடுத்தார்கள், வேப்பிலையை வாய்க்குள் திணித்தார்கள். "கசக்குதோ? சொல்லடா, கசக்குதோ?" வாய் அசையவில்லை. வேப்பிலை அப்படியே வெளியில் விழுந்தது. இமை முழுதாக மூடிவிட்டது.

"நித்திரை வந்திட்டுது" என்றார் ஒரு கிழவர். நடத்தினவர்கள் அவரைக் கீழே கிடத்தினார்கள்.

விஷகடி பார்க்கிற பரியாரியாரிடம் சைக்கிளில் போனவன் திரும்பி வந்தான். பரியாரியார் வேலிப் படலைக்குள் நின்றபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "கண் மூடிட்டுதோ?" இவன் ஓம் என்றிருக்கிறான். "அப்ப நான் வந்து பிரயோசனமில்லை" என்று உள்ளே போய்விட்டாராம்.

அப்போது நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை பதறிக்கொண்டிருந்த மனிசன் ஒரு கணத்தில் ஆறிப்போனார். கையைச் சாரத்தில் துடைத்தார். ஊரெல்லாம் பார்த்துப் பழகின அந்த நிதானம் அவருக்கு வந்துவிட்டது. அது வந்ததுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ" என்றாள் அக்கா.

"மச்சாள், அங்க கொண்டுபோனால், செத்த பிறகு வெட்டிப் பாத்துத்தான் தருவாங்கள். வீட்டில கிடக்கட்டும். முழுசாப் போகட்டும்."

"வெட்டினாலும் பரவாயில்லை! நீ உழவு மெசினை எடு. இல்லாட்டி நானே தோளில போட்டுக்கொண்டு போறன்." அந்தக் கையளவு மனுசி சொன்னதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

உழவு மெசின் பெட்டியில் அடம்பனுக்கு, அங்கிருந்து ஒரு வானில் மன்னாருக்கு. அக்காவோடும் தம்பியோடும் நானும் ஏறினேன், பக்கத்து வளவுக்காரர் ஒருவரும் ஏறினார். வழி நெடுக அக்கா அண்ணையின் கன்னத்தில் தட்டியபடி இருந்தாள். பாலத்தில் ஏறியபோது காற்று வான் முழுக்க அடித்தது. அண்ணையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காண நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர், சிங்களவர். தாதி, மிசி என்போம், மருந்து எடுக்க உள்ளே ஓடியிருந்தா. டொக்டர் அண்ணையின் கையைப் பிடித்தபடி இங்கிலீசில், இவர் நித்திரையா என்று பொதுவாகக் கேட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல் தெரிந்தவள் நான்தானே! "டோஸிங், சேர். ஃப்ரொம் மோர்ணிங்" என்றேன். அந்த நேரத்தில் கூட, இங்கிலீசில் மறுமொழி சொல்லிவிட்டேன் என்ற ஒரு சின்னப் பெருமை எனக்குள் எட்டிப் பார்த்தது. வெட்கக்கேடு. ஆனால் உண்மையைத்தான் எழுதுகிறேன்.

டொக்டர் என்னைப் பார்க்கவும் இல்லை. இமையை விரலால் உயர்த்தினார். ரோர்ச் அடித்தார். நெஞ்சில் காதுக்குழாயை வைத்தார். பிறகு சிங்களத்தில் சத்தம் போட, மிசியும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள்.

மறுபடி உள்ளே விட்டபோது அண்ணையின் வாய்க்குள் ஒரு குழாய் இருந்தது. குழாயின் நுனியில் றப்பர்ப் பை. அதை ஒருவர் அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். அமுக்கினால் நெஞ்சு உயர்ந்தது. "தானா மூச்சு இல்லை. நாங்கள்தான் குடுக்கிறம். ஊசி போட்டிருக்கு, பாப்பம்" என்றா மிசி. டொக்டர் அடுத்த நோயாளியிடம் போனார்.

தானாக மூச்சு இல்லை என்ற சொல் எங்களுக்கு ஒரு அர்த்தத்தைத்தான் தந்தது. அக்கா அண்ணையின் காலடியில் இருந்து, "நெல்லைக் காக்கப் போனியே, உன்னை ஆர் காத்தது? பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் எங்க போவன்?" என்று முனகினாள். நான் அவள் முதுகைத் தடவினேன். "ஆறுங்கோ அக்கா. அண்ணைக்கு இப்ப ஒண்டும் தெரியாது. நோவும் தெரியாது. ஆழ்ந்த நித்திரை" என்றேன். வலப்பக்கம் எழுதி வைத்த சொல் அது. சொல்லிவிட்டு, வாய்க்குள் நல்ல மரணத்துக்கான செபத்தைத் தொடங்கினேன். எங்கள் பழக்கம். வாய்க்குள் என்று நினைத்தேன். ஆனால் என் வாய்க்குள் எது நின்றது?

தம்பி கட்டில் தலைமாட்டில் நின்று, எங்களோடு வந்த பக்கத்து வளவுக்காரரிடம் பேசினார். குரலைத் தாழ்த்தவில்லை. ஆருக்காகத் தாழ்த்த வேண்டும்?

"நீ வெளிக்கிட நிக்கிற பஸ்ஸைப் பிடி. வேலியோரத்து மாவைத் தறிக்கச் சொல்லு. பச்சை மரம், இண்டைக்கே பிளந்து போட்டால்தான் நாளைக்கு எரியும். அண்ணை பெரிய உடம்பு, விறகு போதாமல் போகக் கூடாது. பெரிய பிள்ளைக்கு இப்ப சொல்லாதேங்கோ. நான் டொக்டரோட கதைச்சு, வெட்ட முதல், மூச்சு இருக்கெண்டு சொல்லி ஆளைக் கொண்டு வாறன்."

அவர் கல்நெஞ்சுக்காரர் அல்லர். செத்தவீட்டில் அழுகிறவர் அழ, வேலையை ஒருவன் பார்க்க வேண்டும், அதை அவர் தன் அண்ணைக்கும் குறையில்லாமல் செய்ய நினைத்தார். பக்கத்து வளவுக்காரர் போனார்.

கொஞ்ச நேரத்தில் டொக்டரும் மிசியும் வந்தார்கள். ஆளைக் கொண்டுபோகப் போகிறோம் என்று தம்பி தொடங்க, டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து அண்ணையின் இமைகள் இரண்டையும் விரலால் திறந்து பிடித்தார். "அவேக்" என்றார். என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "ஃபுல்லி அவேக்."

மிசி சொன்னா: "இவர் நித்திரையில்லை. ஒருக்காலும் நித்திரையில்லை. இந்தப் பாம்பு கடிச்சால் கண் திறக்க ஏலாது, வாய் திறக்க ஏலாது, மூச்சு இழுக்க ஏலாது. ஆனால் காது கேக்கும். கடைசிவரை எல்லாம் கேக்கும்." பிறகு அண்ணையின் காதருகில் குனிந்து, "நான் கதைக்கிறது கேக்குதெண்டால் கால் பெருவிரலை ஆட்டுங்கோ ஐயா" என்றா.

நாங்கள் எல்லாரும் காலைப் பார்த்தோம். வலது பெருவிரல், புழு நெளிவது போல, மெதுவாக வளைந்து நிமிர்ந்தது.

அக்கா போட்ட கூச்சலில் வார்டு முழுதும் எழும்பியது. அவள் அந்தக் காலைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. "மா" என்றார். "மாவைத் தறிக்கப் போறாங்கள்."

அந்த ஆஸ்பத்திரியில் மூச்சுக் கொடுக்க அப்போது மெசின் கிடையாது. கைதான். மூன்று நாளோ நாலு நாளோ விடாமல் அமுக்க வேண்டும், ஆஸ்பத்திரி ஆட்களோடு நீங்களும் மாறி மாறி நில்லுங்கோ என்று மிசி காட்டித் தந்தா. அமுக்கு, மூன்று எண்ணு, விடு. தம்பி பையை என் கையில் திணித்துவிட்டு, செருப்பும் இல்லாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

அக்கா டொக்டரின் பின்னால் ஏதோ கேட்கப் போயிருந்தாள். கட்டிலடியில் நானும் அண்ணையும் மட்டும். அவருடைய மூச்சு என் கைக்குள் இருந்தது. அமுக்கினேன், எண்ணினேன், விட்டேன். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அது என் பலவீனம்.

"அண்ணை, நான்தான்" என்றேன். "கேக்குதோ?"

பெருவிரல் அசைந்தது.

"காலமை நித்திரை வரேல்லை எண்டு சொன்னீங்கள். நான்தான் படுக்கச் சொன்னது. நான் படிச்ச திமிரில... பொறுத்துக்கொள்ளுவீங்களோ?"

பார்த்துக்கொண்டே இருந்தேன். அமுக்கி, எண்ணி, விட்டு, பார்த்தேன். விரல் அசையவில்லை. களைத்திருப்பார், அவ்வளவு நேரம் அசைக்க அவருக்குத் தெம்பு இல்லை என்று மிசி பிறகு சொன்னா. இருக்கலாம்.

தம்பி திரும்பி வந்தார். அந்தப் பக்கம் போகிற கடைசிப் பஸ் போய்விட்டது. காலில் முள் கிழித்து இரத்தம். என் கையிலிருந்து பையை வாங்கினார். அதற்குப் பிறகு அவர் அதை லேசில் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் வந்து பறித்தால்தான் இரண்டு மணித்தியாலம் நிலத்தில் சாய்வார், மறுபடி எழும்பி வந்து வாங்குவார். அந்த நாட்களில் நான் பார்த்தது போல ஒன்றை இனிப் பார்க்கக் கூடாது. கண் மூடிய மனிசன் ஒருவர். அவர் காதில் விழ விறகுக்குக் கணக்குச் சொன்ன தம்பி, அவருக்கு மூச்சை அமுக்கி அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு சொல் இல்லை. அக்கா மட்டும் மாடு கன்று போட்டதையும் நெல் காய்ந்ததையும் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி வாயைத் திறந்தால் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள். அவர் மூடிவிடுவார்.

நாலாம் நாள் இமை நூல் அளவுக்குப் பிரிந்தது. பிறகு விரல்கள், பிறகு கழுத்து. மூச்சு தானாக வந்தது. குழாயை எடுத்த அன்று அண்ணை முதலில் தண்ணீர் கேட்டார். இரண்டாவதாக, தம்பி எங்கே என்று கேட்டார். தம்பி முன்னால் வந்து நின்றார். அண்ணை அவரை நன்றாகப் பார்த்தார். "கால் ஏன் கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த தடவை நான் அந்த ஊருக்குப் போனது ஆவணியில். தூரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வேலியோரம் வானம் கூடுதலாக இருந்தது. பிளந்த விறகு வேலியோடு அடுக்கியபடி கிடந்தது. அக்கா அதை அடுப்புக்கு எடுக்கவில்லை, விலைக்கும் ஒருவரும் வாங்கவில்லை. படலையில் தம்பி நின்றார். மெலிந்து, ஆள் பாதியாகியிருந்தார். தன் வளவால் வேலியைப் பிரித்து வருகிறவர் அந்நியன் மாதிரிப் படலைக்கு வெளியே நின்றார்.

"பிள்ளை, உனக்குக் கோடி புண்ணியம். ஒரு உதவி செய். அண்ணை என்னோட நல்லாத்தான் கதைக்கிறார். வாடா எண்டுறார், சாப்பிட்டியோ எண்டுறார். மரம் எங்கயெண்டு இண்டைவரைக்கும் கேக்கேல்லை. ஒருக்காலும் கேக்கேல்லை. அவர் அண்டைக்கு என்ர கதையைக் கேட்டவரோ இல்லையோ? மச்சாளிட்டக் கேக்கப் பயமாக் கிடக்கு. நீ மெல்லக் கேட்டுச் சொல்லு. கேட்டவரெண்டால் காலில விழுவன். கேக்கேல்லை எண்டால் இந்த வாயைத் திறக்கமாட்டன். இப்பிடி ரெண்டும்கெட்டானா என்னால இருக்க ஏலாது. ராப்பகலா எனக்கு நித்திரை இல்லை."

உள்ளே போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அண்ணை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அக்கா என்னைக் கண்டதும் சிரித்தாள், ஆனால் வாயில் விரலை வைத்தாள். கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், அங்கேதான் வாயைத் திறந்தாள். வீட்டில் இப்போது எல்லாருக்கும் இதுதான் பழக்கமாம். அவர் கண்ணை மூடினால் ஒருவரும் பேசுவதில்லை. பிள்ளைகள் கூடச் சண்டையை வேலிக்கு வெளியே கொண்டுபோகிறார்கள். "அவர் நித்திரையோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரியாதே பிள்ளை. முந்திக் குறட்டை விடுவார். இப்ப அதுவும் இல்லை" என்றாள். பேசப் பேச அந்த முழ நீள நாக்குக் கட்டையாகிக்கொண்டு போனது.

கடகத்தை இறக்கி வைக்க விறாந்தைக்கு வந்தேன். பாரைக் கருவாட்டை எடுத்துச் சுளகில் வைத்தேன். அண்ணையின் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. இமை அசையவில்லை. இதை எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதுவது என்று என் மனம் பழைய பழக்கத்தில் தேடியது. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. கேட்கலாம் என்று கிட்டப் போய்க் குனிந்தேன். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டுதான் குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமல் அவர் சொன்னார்: "சொல்லு தங்கச்சி. கேக்குது."

எனக்கு நாக்கு எழும்பவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். "பாரை கொண்டந்தனான் அண்ணை" என்றேன்.

"நல்லது. வை."

நெல்லை வாங்கிக்கொண்டு நான் வெளிக்கிடும்போது தம்பி அதே படலையில், அதே இடத்தில் நின்றார். என் முகத்தில் மறுமொழியைத் தேடினார்.

"அண்ணை நித்திரை. கேக்க ஏலாமல் போச்சு" என்றேன்.

"நல்ல நித்திரையோ?"

"ஓம். நல்ல நித்திரை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் விறாந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மெல்லக் கதை பிள்ளை" என்றார்.